சீலும் காரும் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் குடியேறிய பெண்கள் வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கச் சில வழிகள் என்று தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் ஒரு பத்தி அமெரிக்காவில் நடமாடும் நோட்டரி வேலையைப் பற்றியது, அதாவது ஆட்கள் இருக்கும் இடத்துக்கே போய், அவர்கள் ஆவணத்தில் போடும் கையெழுத்தைச் சரிபார்த்துச் சீல் வைக்கும் வேலை. ஒரு சீலும் ஒரு காரும் இருந்தால் போதும், பணம் தானாக வரும் என்ற தோரணையில் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஊரிலிருந்து மூன்று பேர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் என் நாத்தனார். அவருடைய மகள் கல்யாணமாகி டாலஸுக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. "சும்மாதான இருக்கா, நீ பாக்குற வேலையை அவளுக்கும் சொல்லிக் குடேன்" என்கிறார். அவரிடம் போனில் சொன்னதை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரில் 2016 முதல் நோட்டரி. இங்கே ஒரு முறை நியமனம் ஆனால் நான்கு ஆண்டு செல்லும். எனக்கு இது மூன்றாவது நியமனம்.

நம் ஊரில் நோட்டரி என்றால் வக்கீல். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படுகிறவர். பொதுவாகப் பத்து ஆண்டாவது வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும், பெண்களுக்கு ஏழு ஆண்டு. இங்கே அப்படி இல்லை. கலிஃபோர்னியாவில் 18 வயது நிரம்பி, மாநிலத்தில் சட்டப்படி வசிப்பவராக இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆறு மணி நேர வகுப்பு, ஒரு பரீட்சை, கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணி விசாரணை, 15,000 டாலருக்கு ஒரு ஜாமீன் பத்திரம். நியமனம் தொடங்கிய 30 நாளுக்குள் நம் மாவட்டம் போன்ற கவுண்டியின் அலுவலகத்தில் உறுதிமொழியைப் பதிய வேண்டும். இதில் எதுவும் பெரிய மலையில்லை. கட்டுரை எழுதியவர் இதுவரைக்கும் விசாரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

உள்ளே வருவது சுலபமாக இருப்பதால்தான் நம் ஆட்களோடு தொல்லை தொடங்குகிறது. நோட்டரி என்ற சொல்லைக் கேட்டதும் ஊர்ப் பழக்கத்தில் வக்கீல் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். "மேடம், தம்பி பேருக்கு எழுதினா பின்னாடி பிரச்சினை வருமா?", "இந்த இடத்துல என்ன போடணும், நீங்களே நிரப்பிடுங்களேன்." இரண்டுக்கும் நான் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் உரிமம் இல்லாமல் வக்கீல் தொழில் செய்த குற்றம். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் 'நோட்டாரியோ' என்றால் பெரிய சட்ட நிபுணர். அந்தக் குழப்பத்தில் ஏழைகள் ஏமாந்ததால் கலிஃபோர்னியாவில் அந்தச் சொல்லை விளம்பரத்தில் போடுவதையே தடை செய்துவிட்டார்கள். வக்கீலல்லாத நோட்டரி ஆங்கிலம் தவிர வேறு மொழியில் விளம்பரம் செய்தால், 'நான் வழக்கறிஞர் அல்ல, குடியேற்றம் உட்பட எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை சொல்ல முடியாது' என்பதை ஆங்கிலத்திலும் அந்த மொழியிலும் போட்டு, கட்டண விவரத்தையும் சேர்க்க வேண்டும். கோயில் அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டும் தமிழ் நோட்டீஸில் முதல் வரியே அதுதான்.

கட்டணத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. நோட்டரி தன் இஷ்டத்துக்குக் கேட்க முடியாது. நான் தொடங்கியபோது ஒரு கையெழுத்துக்கு 10 டாலர்தான் உச்சவரம்பு, 2017 ஜனவரியிலிருந்து 15. என் நாத்தனார் மகள் இருக்கும் டெக்சாஸில் 10. நியூயார்க்கில் நேரில் போடும் கையெழுத்துக்கு 2 டாலர். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் கீழே சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவுக்கு மட்டும். இங்கே பயணக் கட்டணத்துக்கு உச்சவரம்பு கிடையாது. நடமாடும் நோட்டரிக்குப் பிழைப்பே அதில்தான். அதை வீட்டு வாசலில் போய் நின்று பேசக் கூடாது. போனில் பேசி முடித்த கையோடு தொகையை எழுத்தில் அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் நான் காரை எடுப்பேன். நோட்டரி கட்டணம் எவ்வளவு, பயணத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வைப்பேன். நோட்டரி கட்டணத்துக்குச் சுயதொழில் வரி கிடையாது, பயணக் கட்டணத்துக்கு உண்டு. இது தெரியாமல் முதல் இரண்டு வருடம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டு அதிக வரி கட்டினேன். ஓடிய மைல்களையும் அன்றன்றே குறித்துவிட வேண்டும். 2025-க்கு வருமான வரித்துறை தொழில் பயணத்துக்கு அனுமதித்த கழிவு மைலுக்கு 70 சென்ட். மார்ச் மாதம் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதிவிடலாம் என்பது நடக்காது.

மாதம் ஆயிரக்கணக்கில் வருமானம் என்று எழுதியிருந்தது எங்கிருந்து வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வீட்டுக் கடன் கையெழுத்து. இங்கே வீட்டுக் கடன் வாங்கினாலும், பழைய கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றினாலும் நூறு, நூற்றைம்பது பக்கக் கட்டு வரும். அதை இரண்டு அளவுத் தாளில் அச்செடுத்து, கடன் வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டுபோய், பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கி, அன்றே திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு கட்டுக்கு நூறு டாலருக்கு மேலும் வரும். 30 ஆண்டுக் கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதத்துக்கு இறங்கியபோது ஊரே கடனை மாற்றியது. கோவிட் காலம் வேறு. கார் பானட்டின் மேல் காகிதம் காற்றில் பறக்காமல் ஸ்டேப்ளரை வைத்து அழுத்தி, முகக்கவசத்தோடு ஒரு நாளில் நாலு கட்டு, ஐந்து கட்டு முடித்திருக்கிறேன். 2022 அக்டோபரில் அதே வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டரை சதவீதத்தில் கடன் வைத்திருப்பவர் ஏழுக்கு ஏன் மாற்றப் போகிறார்? போன் அடிப்பதே நின்றுபோனது. அந்த இரண்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கிய எனக்குத் தெரிந்த நாலு பேரில் மூன்று பேர் இதைக் கைவிட்டுவிட்டார்கள். நான் நின்றது கடன் கட்டுகளால் இல்லை. தமிழால்.

எங்கள் மாநில நோட்டரி கையேட்டில் ஒரு விதி இருக்கிறது. கையெழுத்துப் போடுபவரோடு நோட்டரியால் பேச முடியாவிட்டால், அவருடைய மொழி தெரிந்த வேறு நோட்டரியிடம் அனுப்ப வேண்டும். பக்கத்தில் மகன் நின்று மொழிபெயர்த்தால் சரியாகாது. ஊரிலிருந்து ஆறு மாதம் பேரக் குழந்தையைப் பார்க்க வந்த அம்மாக்கள், அப்பாக்கள், இங்கேயே தங்கிவிட்ட வயதானவர்கள், இவர்களில் எத்தனை பேருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி வரும்? இதை நான் எந்த ஆஸ்பத்திரியில் முழுசாகப் புரிந்துகொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

2019-இல் ஒரு புதன்கிழமை. ஒரு தம்பி கூப்பிட்டார். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஒரு பவர் பத்திரத்தில் கையெழுத்து, பத்து நிமிட வேலை என்றார். நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். அம்மாவிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருக்கிறதா, பத்திரத்தில் நிரப்பாத இடம் இருக்கிறதா, எந்த நேரத்தில் தெளிவாக இருப்பார்கள், என்ன மொழி பேசுவார்கள். காலையில் நன்றாக இருப்பார், மத்தியானம் வலி மாத்திரை கொடுத்தால் தூங்கிவிடுவார் என்றார். பத்து மணிக்குப் போனேன்.

கட்டிலைத் தூக்கி நிறுத்தி உட்கார வைத்திருந்தார்கள். மெலிந்த கை. புறங்கையில் ஊசி சொருகி, மேலே வெள்ளை டேப். தம்பி பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். "இங்க, அப்புறம் இங்க" என்று புரட்டிக்கொண்டே இருந்தார். நான் அவரை இரண்டு நிமிடம் வெளியே நிற்கச் சொன்னேன். "எதுக்குக்கா?" என்றாலும் போய்விட்டார். அம்மாவிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று பேச்சுக் கொடுத்தேன். மதுரைப் பக்கம். பிறகு, "இது என்ன காகிதம்னு தம்பி சொன்னாராம்மா?" என்று கேட்டேன்.

"பேரன் பள்ளிக்கூடத்துல ஏதோ கேக்காகளாம்" என்றார்.

பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது, அதனால் என்ன ஆகும் என்று விளக்குவது என் வேலை இல்லை, என் உரிமையும் இல்லை. அதில் இருந்த ஒரு வீட்டு விலாசத்தை மட்டும் வாசித்து, இது யார் வீடு என்று கேட்டேன். பேனாவைப் பிடிக்கத் தயாராக மேசைமேல் வைத்திருந்த கையை அந்த அம்மா எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். "அது எங்க வீடுல்ல?" என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

நான் பதிவேட்டை மூடிவிட்டேன். எதற்கென்று தெரியாமல் போடும் கையெழுத்தை, இது நான் மனதாரப் போட்டது என்று அவர் என் முன்னால் எப்படி ஒப்புக்கொள்ள முடியும்? வராந்தாவில் தம்பி கோபப்பட்டார். "சீல் வைக்கத்தான உங்களைக் கூப்பிட்டேன்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அம்மா பார்வையாளர் விசாவில் வந்தவர், எடுத்திருந்த பயணக் காப்பீடு ஆபரேஷன் செலவில் கால்வாசிக்கும் வராது. பில் வந்த நாளிலிருந்து அவர் தூங்கவில்லை. ஊர் வீட்டை விற்கலாம் என்று அம்மாவிடம் சொல்லத் தைரியம் வராமல் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார். பயணக் கட்டணத்தை அவர் கொடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அந்த மாதம் எனக்கு அந்த எழுபது டாலர் வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது நாள் கழித்துப் போன் வந்தது. பேசியது அந்த அம்மா. "தாயி, இப்ப வா, எல்லாம் பேசியாச்சு" என்றார். வீட்டை விற்பதில்லை என்று முடிவாகி, மாடியை வாடகைக்கு விடவும் வரி கட்டவும் மட்டும் அந்தத் தம்பியின் மச்சானுக்கு அதிகாரம் கொடுத்துப் புதுப் பத்திரம் தயாராகியிருந்தது. பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே தமிழில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வோர் எழுத்துக்கும் பேனாவை எடுத்து எடுத்து வைத்தார். நான் அவசரப்படுத்தவில்லை. அந்தத் தம்பி பிறகு ஆறோ ஏழோ குடும்பங்களை என்னிடம் அனுப்பியிருக்கிறார். என்னை மறுபடி கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், நான் ஏதோ ஒரு சமயம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்த வீட்டாரின் உறவினர்களோ நண்பர்களோதான்.

முடியாது என்று சொல்ல வேண்டியது அடிக்கடி வரும். தமிழ்ச் சங்கத்தில் பத்து வருடமாகப் பார்க்கிறோமே, அடையாள அட்டை எதற்கு என்பார்கள். நோட்டரிக்கு ஆளைத் தெரியும் என்பது 2008-லிருந்து கலிஃபோர்னியாவில் செல்லாது. என் சொந்தத் தங்கச்சியே வந்தாலும் அட்டை வேண்டும். வீட்டுக்காரருக்கு ஆபீஸ், கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறார் என்பார்கள். ஆள் என் எதிரே வந்து நின்றாக வேண்டும். அடையாளத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டால் 10,000 டாலர் வரை அபராதம் உண்டு. 15 டாலர் வேலைக்கு 10,000 டாலர். கட்டுரையில் இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்திருக்க வேண்டும்.

தமிழர்களுக்கென்றே உள்ள இன்னொரு சங்கடம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பட்டாவில் 'சு. மீனாட்சி' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் மீனாட்சி சுப்பிரமணியன் என்று அப்பா பெயர் பின்னால் போயிருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய ஓட்டுநர் உரிமத்தில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்த பாஸ்போர்ட்டோடு வந்தவர்களுக்கு இங்கே முதல் பெயர் தெரியாது என்பதற்கான மூன்று எழுத்தையே பெயராகப் போட்டுவிடுகிறார்கள். 'எஃப்.என்.யூ' என்று உரிமத்தில் பார்த்து எத்தனையோ பேர் மனம் வெதும்பியிருக்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த நோட்டரிக்கு இது மூன்று வேறு ஆட்களாகத் தெரியும். எனக்கு ஒரே ஆள் என்று தெரிந்தாலும் என் தெரிதல் போதாது, காகிதம் ஒத்துப்போக வேண்டும். அதனால் ஊரில் பத்திரம் தயாரிக்கும் பெற்றோருக்கும் ஆவண எழுத்தருக்கும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் கையெழுத்துப் போடப் போகிறவரின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முதலில் எழுதுங்கள், பட்டாவில் உள்ள பெயரை 'என்கிற' போட்டு அடுத்து எழுதுங்கள். இந்த ஒரு சொல் இல்லாமல் திரும்பிப் போன பத்திரங்கள் எனக்குத் தெரிந்து நிறைய.

பதிவேடு என்று சொன்னேன். ஒவ்வொரு கையெழுத்துக்கும் தேதி, நேரம், என்ன ஆவணம், என்ன அட்டை, எவ்வளவு கட்டணம் என்று வரிசையாக எழுதி அவர்களிடமே கையெழுத்து வாங்க வேண்டும். சொத்து ஆவணம், பவர் பத்திரம் என்றால் வலது கைப் பெருவிரல் ரேகையும் வேண்டும். 2017-இல் ட்ரேசி ஊரில் ஒரு பவர் பத்திரம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிட உட்காரும்போதுதான் ரேகை வாங்காதது உறைத்தது. மறுநாள் விடியற்காலையில் ஆல்டமான்ட் மலைப்பாதையில் ஏறக்குறைய நாற்பது மைல் திரும்பப் போய், மன்னிப்புக் கேட்டு வாங்கி வந்தேன். அன்றிலிருந்து மைப்பெட்டியைப் பேனாவுக்கு முன்னால் எடுத்து வைக்கிறேன். எழுதத் தெரியாத பெரியவர்கள் கைநாட்டு வைத்தால் செல்லுமா என்று பலர் தயங்குகிறார்கள். செல்லும். இரண்டு சாட்சிகள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் கைநாட்டுக்குப் பக்கத்தில் அவர் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான். கைநாட்டு வைப்பதற்குக் கூச்சப்பட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட வைப்பதுதான் தவறு.

நோட்டரி முடிந்ததும் பத்திரம் ஊருக்குப் போய்விடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அதற்கு முன் அபோஸ்டில் என்ற சான்றும் வேண்டும்; அதற்கான ஒப்பந்தத்தில் இந்தியா 2005-லிருந்து இருக்கிறது. என் கையெழுத்து உண்மையான நோட்டரியின் கையெழுத்துதான் என்று மாநிலச் செயலர் அலுவலகம் வைக்கும் சான்று அது, ஒன்றுக்கு 20 டாலர், அலுவலகம் சாக்ரமென்டோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இருக்கிறது. மாதம் இருமுறை நான் சாக்ரமென்டோ போய்ப் பல குடும்பங்களின் பத்திரங்களைச் சேர்த்து வாங்கி வருகிறேன், இதுவும் இன்று என் வருமானத்தில் நல்ல பங்கு. வெளிநாட்டில் கையெழுத்தான பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பது 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம். கூரியர் உறையைப் பீரோவில் வைத்துவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள், உங்கள் வக்கீலிடம் உடனே கொண்டுபோங்கள்.

ஆசிரியர் அவர்களே, இதையெல்லாம் யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. என் ஐம்பத்து மூன்று வயதில், நானே நேரத்தை வகுத்துக்கொண்டு, யாருக்கும் கைகட்டி நிற்காமல் செய்யும் இந்த வேலையை நான் நேசிக்கிறேன். எங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தமிழ் பேசும் நோட்டரிகள் இன்னும் பலர் வேண்டும். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு என் பதிவேட்டை எப்படி எழுதுகிறேன் என்று உட்கார வைத்துக் காட்டத் தயார். ஆனால் கட்டுரையில் இரண்டு வரிகளுக்குத் திருத்தம் வேண்டும். ஒன்று, வீடியோவில் பார்த்தபடியே சீல் வைக்கலாம் என்று பொதுவாக எழுதியிருந்தது. பல மாநிலங்களில் அது உண்டு. கலிஃபோர்னியா 2023-இல் அதற்குச் சட்டம் இயற்றினாலும், எங்கள் நோட்டரிகள் அப்படிச் செய்வதற்கு மாநில அரசின் கணினி ஏற்பாடு முடிய வேண்டும், அதற்கு 2030 வரை காலம் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்கார வைத்தது. கணவரோடு எச்-4 விசாவில் வந்த பெண்களும் உடனே தொடங்கலாம் என்று போட்டிருந்தீர்கள். வேலை செய்யும் அனுமதி அட்டை கைக்கு வராமல் எச்-4 விசாவில் இருப்பவர் காசு வாங்கி ஒரு சீல் வைத்தாலும் அது விசா மீறல். என் நாத்தனார் மகள் எச்-4. இன்னும் அட்டை இல்லை. கட்டுரையைப் படித்துவிட்டு நோட்டரி வகுப்புக்குப் பணம் கட்டப் போயிருக்கிறாள். அவளை நான் நிறுத்திவிட்டேன். மற்றவர்களுக்காக, வருகிற ஞாயிறே, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் இந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா